மா என்ற சொல்லும் ஒரு ஊசி முனையும்

ஒரு பெண் சொன்ன உண்மையை நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். அவள் வேலை போயிற்று. என் வேலை பிழைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை முதலில் சொன்னால் என்னை நல்ல மனிதன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். பேச்சில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன்.

போன வாரம் நல்லூரில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு வடநாட்டுக் குழந்தை, தூங்கிவிட்ட தாயின் கன்னத்தைத் தட்டி "மா, மா" என்று எழுப்பிக்கொண்டிருந்தது. அதே நேரம் கண்டக்டர் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, பெரியவரு நிக்கறாருல்ல" என்றார். பெரியவர் நான்தான். உட்கார்ந்தேன். மனம் மட்டும் பன்னிரண்டு வருடம் பின்னால் போய் நின்றுகொண்டது.

அப்போது நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டர்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசுவது வேலை. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன், இளமையில் லூதியானாவில் இருந்ததால் இந்தியும் வரும். அந்தக் கர்வத்தில் எனக்கு ஒரு கிறுக்கு. யாரைப் பார்த்தாலும் 'மா' என்றால் உங்கள் மொழியில் என்ன என்று கேட்பேன். தபால்தலை சேர்ப்பதைவிட மலிவான பொழுதுபோக்கு. நமக்கு மரமும் மா, அரைத்ததும் மா, வயலை அளப்பதும் மா. நிட்டிங் மெஷின் பொருத்த வந்த தைவான்காரர், தங்கள் மொழியில் அதையே ஒரே சீராக இழுத்தால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை என்றார். எனக்கு விளங்குவதற்காக ஒரு அட்டையில் குதிரை வரைந்தார். கழுதை மாதிரி இருந்தது. எங்கள் பழைய நிகண்டுகளிலும் மாவுக்குக் குதிரை என்று பொருள் உண்டு என்றேன். சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவர்போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இத்தாலிக்காரர்களுக்கு மா என்றால் 'ஆனால்'. எங்களிடம் குழந்தைகள் உடுப்பு வாங்கும் இத்தாலியக் கம்பெனியின் பரிசோதகர், துணியை விரித்துத் தடவிப் புகழ்ந்துவிட்டு, "மா..." என்று நிறுத்துவார். தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்கு அது போதும். "போச்சுங்க சார், மா வந்துருச்சு. பூராத்தையும் பிரிச்சுத் தெக்கோணும்" என்பார்கள்.

சாபித்ரி ஒடிசாவிலிருந்து வந்தவள், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர். முப்பது வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவளிடமும் கேட்டேன். "அம்மாதான் சார், வேறென்ன" என்றாள் இந்தியில். பிறகு யோசித்து, தன் அப்பா தன்னையே மா என்றுதான் கூப்பிடுவார் என்றாள். நாங்களும் மகளை 'வாம்மா' என்றுதான் அழைக்கிறோம் என்றேன். "அப்படியென்றால் இது பாதி என் ஊர்" என்று சிரித்தாள். பிறகு தன் ஊர்க்காரர்களிடம் விசாரித்து வேறு வேறு சொற்களையும் கொண்டுவருவாள். இப்படிப்பட்டவளுக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனிகளில் ஒரு கட்டாயம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடியெடுத்து ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஊசி முழுதாகச் சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் தையல் லைனையே நிறுத்திவிட்டுத் துணி மொத்தத்தையும் சலித்துத் தேட வேண்டும். அன்று சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நேரத்தில் சாபித்ரியின் ஊசி உடைந்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. அவள் என்னிடம் வந்து சொன்னாள். நான் பழைய பக்கத்திலிருந்து வேறொரு முனையை உரித்தெடுத்து ஒட்டி, "கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். போட்டாள்.

சரக்கு போவதற்கு முன், துணிக்குள் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்டர் கத்தியது. ஒரு கைக்குழந்தைச் சட்டையின் தோள் தையலில் அந்த முனை இருந்தது.

முதலாளி அறையில் நான்கு பேர்: அவர், இத்தாலிக்காரர், சாபித்ரி, நான். சாபித்ரி நடந்ததை இந்தியில் அப்படியே சொன்னாள். முனை கிடைக்கவில்லை என்று தான் சொன்னதையும், சார்தான் பழையதை ஒட்டினார் என்பதையும். அந்த அறையில் அது புரிந்த ஒரே ஆள் நான்.

"ஏனுங்க சார், இந்தப் புள்ள என்னங்க சொல்லுது?" என்றார் முதலாளி.

லைன் நின்றுவிடுமே என்று பயந்து தானே பழைய முனையை ஒட்டிவிட்டதாகச் சொல்கிறாள் என்றேன். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. இத்தாலிக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, "மா..." என்று இழுத்தார். ஏதோ பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் உண்மை சொல்ல அந்த இடைவெளி போதுமானது. மொழி தெரியாத இடத்தில் பதறுகிறாள் என்று சொல்லி அதையும் அடைத்தேன். எனக்குப் பயம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். ஊசி நோட்டில் பொய் எழுதியவள் என்று பேச்சுப் பரவி, ஏற்றுமதிக் கம்பெனி எதுவும் அவளை மெஷினில் உட்கார வைக்கவில்லை.

ஓய்வு பெற்று வெகு நாள் கழித்து, போன வருடம்தான் எனக்குத் துணிவு வந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "கம்பெனியவே மூடியாச்சுங்க. இனி ஆருகிட்டப் போயி என்னத்தச் சொல்றதுங்க" என்றார். சாபித்ரி முதலிபாளையம் பக்கம் ஒரு ஷெட்டில் பிசிர் நூல் வெட்டுவதாகப் பழைய செக்கிங் பெண் ஒருத்தி சொன்னாள். போனேன். ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டுபிடித்து மெதுவாக இந்தியில் ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றாள். அச்சு அசலாக நம் ஊர்த் தமிழ். "சத்தமாச் சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்."

சொன்னேன். கத்தரிகள் நின்றுவிட்டன. வயதான ஒரு அம்மாள், "ஏனுங்க, படிச்சவிங்க பண்ற வேலைங்களா இது?" என்றார். இல்லை என்றேன்.

"எழுதிக் குடுங்க" என்றாள் சாபித்ரி. எழுதினேன். படித்துக் காட்ட வாயெடுத்தேன். "நீங்க படிக்க வேண்டாம் சார். அக்கா படிக்கட்டும்" என்று தாளை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ பேரு போட்டிருக்காருங்களா அக்கா?"

"போட்டிருக்காரு கண்ணு."

அந்தத் தாளைக் காட்டி ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மறுபடி டெய்லராகச் சேர்ந்தாள். எனக்குத் தகவல் சொன்னது அந்த அம்மாள்தான். சாபித்ரி என்னிடம் பேசுவதில்லை. எங்கள் பழைய கம்பெனிக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். மொழிபெயர்க்க என்னைப் போன்ற ஆட்களையும் இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை. அவள் லைனுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால், தமிழ், இந்தி, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல் எல்லாம் கலந்து அவளே பதில் சொல்கிறாளாம். சூப்பர்வைசர் உதவிக்கு வந்தாலும் நடுவில் நிற்க விடுவதில்லையாம்.