மேல்வீட்டு அண்ணன் ஓட்டிய கார்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரிக் காலை, பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட்டில் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. என் கார் அதற்குள் புதைந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று போனில் சொன்னார்கள். அவர்களிடமும் கத்தினேன்.

சத்தம் கேட்டு மேல்வீட்டு அண்ணன் கார் சாவியோடு இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பெட்ரோல் பங்கில் வேலை; இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்ததால் அவர் கார் பனியில் புதையவில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

மனுஷர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

"அண்ணா, கொஞ்சம் ஃபாஸ்ட்டா போங்களேன்!"

"மெல்லமாத்தான் ஓடுவன் தம்பி. குலுங்கினா பின்னால இருக்கிறவைக்குத்தான் நோகும்."

எரிச்சலாக வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். குண்டு விழுந்து குழியான ரோட்டில் பழகிய கை அது. மனைவி வலியில் முனகினாளே தவிர, வண்டி குலுங்கி ஒருமுறைகூட முனகவில்லை.

பாதி வழியில், பனி மூடிய ரோட்டை ஒரு போலீஸ் கார் விளக்கு சுழல மறித்து நின்றது. அண்ணன் தள்ளியே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் விரித்து வெளியே நீட்டினார். போலீஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார். மனைவியின் நிலை புரிந்ததும் 'போங்கள், போங்கள்' என்று தன் காரை நகர்த்தி வழிவிட்டார்.

அண்ணனின் கைகள் உள்ளே வரவில்லை. அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை.

"யோவ், போய்யா!" என்று கத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மனைவிதான் எட்டி அவர் தோளைத் தொட்டாள். "அண்ணா, நம்மள விட்டுட்டாங்க. போலாம்ணா."

கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். எஞ்சினைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரிக்குள் போன அரைமணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. நான் பார்க்கிங்குக்கு ஓடினேன். அண்ணன் காரை விட்டு இறங்கவே இல்லை.

"பொண்ணுண்ணா!" என்றேன்.

பிறகு வந்த எல்லோரும் எத்தனை பவுண்டு, யார் ஜாடை என்றுதான் கேட்டார்கள். அவர் கேட்டது வேறு.

"ரெண்டு பேரும் இருக்கினமோ?"

"நல்லா இருக்காங்கண்ணா, ரெண்டு பேருமே."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்துச் சொன்னார்: "அங்க ஒருக்கா என்ர ஆம்புலன்ஸை இப்பிடித்தான் மறிச்சு வச்சவங்கள், தம்பி. கடைசியா வழி விடேக்க தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

அதற்குப் பிறகும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், அந்த மனுஷர்.