ஈர வைக்கோல்

இன்று பேருந்து ஜன்னல் வழியே ஈர வைக்கோல் புகை வந்து கண்ணைக் கரித்ததும், அறுவடை முடிந்து மிராசுதாரின் நெற்களத்தில் எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் கலைவிழாதான் நினைவுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்; வைக்கோல் தீயில் வாட்டிய பறையை அப்பா தட்ட, தோல் கணீரென்று பேச, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நாங்கள் கும்மிக்கு ஓடுவோம். தெருக்காரர்கள் செங்கொடி நட்டுக் கூலிநெல் கூட்டிக் கேட்ட வருஷம், விழாவன்று மிராசுதார் வாய்க்காலை வெட்டித் தண்ணீரைக் களத்துக்குள் விட்டார். நனைந்த வைக்கோல் பற்றாமல் புகைந்தது. சூடேறாத பறை தொப்பென்றது.

"காயட்டும், நாளைக்கு அடிக்கலாம்," என்றாள் அம்மா.

"களம் அவங்களுது. காய விடுவாங்களா?" என்றார் அப்பா.

விடவில்லை. அடுத்த பட்டத்தில் களமே வயலானது. பழைய கூலிக்கே அதில் முதல் நாற்றை நட்டவள் அம்மா.