செவ்வாயை நகர்த்திய பட்டம்

சென்னைக் கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கி, இலங்கையில் என் ஊரான பதுளைக்குத் திரும்பினேன். அதை வைத்து இங்கே ஒரு வடைகூட வாங்க முடியவில்லை. போதாததற்கு, எனக்குச் செவ்வாய் தோஷம் என்று பெண்வீட்டாரும் பின்வாங்கினார்கள். கோபத்தில் ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பதுளையில் பிறந்த எனக்குத் தஞ்சாவூர்ச் சூரிய உதயத்தை வைத்துக் கணித்திருந்தார்கள்! பதுளை உதயத்தை வைத்துத் திருத்தினேன். லக்கினம் நகர்ந்தது, தோஷம் ஓடியது, கல்யாணம் நடந்தது.

செய்தி பரவி, தோஷக்காரர்கள் எல்லாரும் என் வாசலுக்கு வந்தார்கள். பட்டம் சோறு போட்டது. ஒருநாள் கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கங்காணி ஒருவர், தன் மகளுக்குப் பேசிய பையனின் ஜாதகத்தை நீட்டினார்.

"தோஷமே இல்லையே, அப்புறம் என்ன?" என்றேன்.

"அதாங்க தொல்லை. பையன் என் அக்கா மகன். வேணாம்னு வாய்விட்டுச் சொல்ல முடியலை. அவனுக்குக் கொஞ்சம் செவ்வாய் ஏத்தி விடுங்க."