தூக்குச் சட்டியில் ஒரு கல்

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிலேயே ரங்கம்மாளுக்குத்தான் வாய் நீளம். மேஸ்திரியானாலும் சரி, கரும்புத் தோட்டத்துச் சொந்தக்காரரானாலும் சரி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு நாள் திறக்காமல் போனது. அதை நினைத்துத்தான் இருபது வருஷமாக வெந்துகொண்டிருக்கிறாள்.

அப்பா அம்மா போனபின் தம்பி தனசேகரனை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அவன் கட்டட வேலைக்கென்று அந்தமானுக்குக் கப்பல் ஏறினான். கொஞ்ச நாளில் சிமெண்டுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, தேசியப் பூங்காத் தீவுக்குச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் படகில் கயிறு கட்டும் ஆளாகச் சேர்ந்தான். ஆறு வருஷம் நாயாய் உழைத்தான். தொண்ணூற்றேழில் அக்காவுக்குக் கப்பல் டிக்கெட் அனுப்பி வரவழைத்தபோது அவன் முகத்தில் அப்படியொரு களை.

"அடுத்த மாசத்துலேர்ந்து என்னையே படகு ஓட்டச் சொல்லிட்டாருக்கா மொதலாளி. எழுதிக் குடுக்கறதுதான் பாக்கி."

மறுநாளே அவளைப் படகில் ஏற்றிக்கொண்டான். தீவுக்குப் பக்கத்தில் கண்ணாடி அடித்தளம் போட்ட சின்னப் படகுக்கு மாற்றினார்கள். கோமுகி அணையில் கெண்டை பார்த்த கண்ணுக்கு அது தாங்கவில்லை. "இன்னாடா இது, மஞ்சளும் நீலமுமா காலுக்கடியில நீந்திக்கினு போவுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

தீவில் வீடில்லை, கடையில்லை, அடுப்புப் புகையில்லை.

"ஒரு ஜனமும் இல்லாத எடத்துக்கு எதுக்குடா இத்தினி காவலு?"

"ஜனம் இல்லாம இருக்கணும்னுதான்க்கா காவலு. இங்கேர்ந்து ஒரு கிளிஞ்சல்கூட எடுக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோ."

தலையாட்டினாள். ஆனால் புது எல்லையை மிதித்தவர்கள் அங்கிருந்து ஒரு கல் கொண்டுவந்து மாரியம்மன் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். கல்வராயன் மலைக்குக் கடுக்காய் பொறுக்கப் போன அப்பாகூட வைத்திருக்கிறார். சட்டமெல்லாம் ஊர் சுற்ற வந்தவர்களுக்கு, சாமிக்கு எடுப்பதை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவளாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தம்பிக்கு வேலை நிலைக்க வேண்டுமே! ஓட்டை ஓட்டையாக வெள்ளையாய்க் கிடந்த பவளக்கல் ஒன்றைப் புளிச்சோறு தீர்ந்த தூக்குச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.

கரைக்குத் திரும்பியதும் அக்கா கை வலிக்குமே என்று தூக்கை அவன் வாங்கிக்கொண்டான். படகுத்துறையில் வனக்காவலர் எல்லாருடைய பையையும் பார்த்துவிட்டுத் தூக்கையும் திறந்தார்.

"யார் எடுத்தது இது?"

தனசேகரன் கல்லைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். போலீஸ், கோர்ட்டு, பாஷை தெரியாத ஊர் என்று அவள் மனதில் ஓடியது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். காவலர் இரண்டாம் முறை கேட்டார்.

"நான்தாங்க," என்றான் தனசேகரன்.

அபராதத்தோடு முடிந்திருக்கும். ஆனால் படகு ஆளே தீவிலிருந்து கல் எடுத்தால் அனுமதி போய்விடும் என்று முதலாளி பயந்தார். மறுநாள் அவனைப் படகில் ஏற்றவில்லை. மற்றப் படகுக்காரர்களும் கைவிரித்தார்கள். தனசேகரன் பழையபடி சிமெண்டுச் சட்டியைத் தூக்கினான். இன்றுவரை அதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

போன மாசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தான். சிமெண்டு அரித்த விரல்களால் அவன் சோறு பிசைவதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்டா. பயந்துட்டேன்."

அவன் நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"நீ சொல்லுவேன்னுதான்க்கா அவரு ரெண்டாவது வாட்டி கேக்கற வரைக்கும் நின்னேன்."

ரங்கம்மாள் குழம்பு ஊற்ற எடுத்த கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டாள்.