மிஸ்ஸியின் சிவப்பு நூல்

தட்டில் இருந்த, படம் கழுவும் மருந்துத் தண்ணீரை அம்மா வலது கையால் மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால். சன்னலைப் போர்வையால் மறைத்த குளியலறை, சிவப்பு பல்பு, வெளியே நடுப்பகல். அம்மா கடிகாரம் பார்ப்பதில்லை. ஐந்தெழுத்தை முணுமுணுத்தே நேரம் கணிப்பார். தாளில் மெல்ல ஒரு வீடு எழுந்தது. மாடி, படிக்கட்டு, வாசலில் கார். எல்லாம் மூங்கிலும் காகிதமும்.

“நீ வாசலிலேயே நில் பிள்ளை. இந்த நெடி வயித்துப் பிள்ளைக்குக் கூடாது.”

நெடி காரணமில்லை. அந்த இடது கைதான் காரணம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. மணிக்கட்டில் இருந்த நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

அம்மாவின் பெயர் வாகீஸ்வரி. மலேசியாவின் செகிஞ்சான் கிராமத்தில் அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸி, மிஸ்ஸி என்றால் அம்மா. சீனர் வீடுகளில் பிரசவம் பார்த்தே வேலைக்காலம் போயிற்று. எண்பத்திரண்டாம் ஆண்டில் ஓய்வு பெற்றதும், பழைய பிரசவப் பையில் கேமராவை வைத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் படம் எடுக்கப் போனார். கதவுக்கு மேலே காற்றுக்காகச் செதுக்கிய பலகை, நிலையில் ஒட்டிய சிவப்புத் தாள், ஊதுபத்திப் புகை படிந்த மூதாதையர் மாடம்.

“பிரசவ நோ வருமட்டும் இதுகளைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனான். இப்பதான் வடிவாப் பாக்க நேரம்.”

பயந்த சுபாவம். படகுக்குப் பயம், இடிக்குப் பயம். வயல் வரப்பில் நாய் குரைத்தால் குடையை விரித்துப் பிடித்து அதன் மறைவில் நடப்பார்.

“குடைக்கு நாய் பயப்படுமா, அம்மா?”

“குடைக்குப் பின்னாலை எனக்கு நாய் தெரியாது. அது போதும்.”

அவர் அதிகம் படம் பிடித்தது லிம் என்ற கிழவரை. இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடுகளைச் செய்தவர். கடைசி வீட்டைத் தனக்கே செய்து வைத்துவிட்டு இறந்தார். எரிப்பதற்கு முன் படம் எடுக்க அவர் மனைவி ஆளனுப்பினார்.

“‘இருக்கேக்க ஒழுகிற கூரை, செத்தாப்பிறகு மாடி வீடு, பார் மிஸ்ஸி’ எண்டு சிரிக்குது மனுசி” என்று அம்மா வந்து சொன்னார்.

புறப்படும்போது எல்லாருக்கும் ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மிட்டாயை வாயில் போட்டார். நூலைக் கோயில் காப்பு என்று நினைத்து, கண்ணில் ஒற்றி, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கோலசிலாங்கூரில் இருந்த தன் வீட்டுக்கு வந்தார். முதல் பிரசவத்துக்காக நான் அங்கே இருந்தேன்.

மறுநாள் பிலிம் வாங்க இருவரும் போனோம். படக்கடைச் சீனர் அ செங், தோட்டத்தில் தமிழரோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார். நூலைப் பார்த்ததும் பிலிம் பெட்டியைக் கீழே வைத்தார்.

“ஐயோ மிஸ்ஸி! இது சாவு வீட்டு நூல்லா. வழியிலேயே வீசணும். வீட்டுக்குள்ள கொண்டு போனா அதுவும் கூடவே வந்துரும்.”

“எது?”

அ செங் என் வயிற்றைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அம்மா என்னைத் தொடவில்லை. தினம் காலையில் வயிற்றில் கைவைத்துப் பிள்ளை கிடக்கும் விதத்தைப் பார்த்தவர், அறை வாசலில் நின்று “துடிக்குதே?” என்று மட்டும் கேட்டார். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.

“கண்ணிலை ஒத்திக் கட்டினதை அறுக்கலாமோ? அறுத்தாலும் குற்றம், வச்சிருந்தாலும் குற்றம்.”

“வெறும் பருத்தி நூல், அம்மா.”

“ஓம், வெறும் நூல். எலக்ட்ரானிக்ஸ் படிச்சனி, சொல்லு. பிறகேன் அவன் உன்ரை வயித்தைப் பாத்தவன்?”

கத்தரிக்கோலைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

லிம்மின் மனைவியிடம் படத்தைக் கொடுக்கும்போது நூலையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்தார். படம் காய்ந்த மறுநாள் காலை, கேட்டுக்கு வெளியே நின்று முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தி அவிழ்த்தார். படம் இருந்த உறையை அந்த நூலாலேயே கட்டி, கேட்டுக் கம்பியில் மாட்டினார். பிறகுதான் தன் சேலையைக் குனிந்து பார்த்தார். சிவப்புக் கரை.

“துக்க வீட்டுக்குச் சிவப்பு ஆகாதாம். மாத்திக்கொண்டு வாறன். பஸ் வந்தா நிப்பாட்டு.”

போகிற வழியில் நின்று இரண்டு கைகளையும் என் வயிற்றில் வைத்தார். மணிக்கட்டில் நூல் இருந்த இடம் வெளிறியிருந்தது.

“தலை கீழை திரும்பியிட்டுது” என்றார். உள்ளே போனார்.

பஸ் வந்தது. நிறுத்தினேன். அம்மா வரவில்லை. கட்டிலருகே தரையில் கிடந்தார், நீலச் சேலையைப் பாதி சுற்றியபடி. இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

உறை இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது. நேற்று மழை கறுத்தபோது எடுத்துவரப் போனேன். உள்ளே கொண்டுவராமல், பிளாஸ்டிக் பை ஒன்றை அதன்மேல் கவிழ்த்துக் கட்டினேன். வெளிக்குழாயில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.