தாம்பரம் பூங்காச் சந்தையில் நான் மடித்துப் போட்ட கோணி

மாடித் தொட்டிக்குக் கத்தரி நாற்று வேண்டும் என்று மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் ஒரு பூங்காவுக்குள் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது, சிலம்பப் பயிற்சியும் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, போன மாதம் கிளம்பினேன்.

பொழிச்சலூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயில், ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். பிறகு எண்ணூறு மீட்டர் நடை. 6.20க்கு உள்ளே இருந்தேன். சந்தை ஏழரைக்குத்தான் தொடங்கும் என்பது தெரியாது.

புங்க மரத்தடியில் நல்ல நிழல். அங்கே ஒரு கிழிந்த சிமெண்ட் கோணி, அதன்மேல் அரைச் செங்கல். தள்ளி இன்னும் இரண்டு மூன்று கிடந்தன. முப்பத்து நாலு வருடம் வகுப்பில் காகிதம் பொறுக்க வைத்தவன் சும்மா இருப்பேனா? கோணியை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, திருப்தியோடு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குச் சந்தை மேற்பார்வையாளர் நோட்டோடு வந்தார். மரத்தடியைப் பார்த்தார், ஒரு பெயரை அடித்தார், செல்போன் உறை விற்பவரைக் கூப்பிட்டு அங்கே கடை போடச் சொன்னார்.

கால் மணி கழித்து, தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக மூட்டைகளோடு ஒரு பெண் வந்தார். பெயர் மும்தாஜ். தலையணை உறை தைத்து விற்பவர்.

"என் கோணி எங்க?"

பக்கத்தில் நாற்று இறக்கிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கை காட்டினார். "இந்த சார்தான் தூக்கி குப்பையில போட்டாரு. நான்கூட உங்க சொந்தக்காரர்னு நெனச்சிகினேன்க்கா."

பிறகு எனக்கு விளக்கினார். "விடியக்கால கோணி போட்டுட்டு வூட்டுக்குப் போயி மூட்டை எடுத்துகினு வருவோம் சார். ஏழு மணிக்கு கோணி இல்லாங்காட்டி ஆப்சென்ட். ரெண்டு வாரம் ஆப்சென்ட்னா இடமே போச்சு."

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வழக்கம்தான். முந்தைய வாரம் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் மும்தாஜ் வரவில்லை. இது இரண்டாவது வாரம்.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது என்று மூன்று முறை சொன்னேன்.

"புரியுது சார். ஒருத்தருக்கு விட்டா அத்தனை பேரும் கதை சொல்லுவாங்க. இடத்துக்கு க்யூவுல ஆள் நிக்குது. எழுதினது எழுதினதுதான்."

மும்தாஜ் சத்தம் போடவில்லை. "படிச்சவங்க நீங்க. பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்காமலே நானும் வருகைப் பதிவேட்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். வாசலுக்கு வெளியே, வெயிலில், சாக்கடை ஓரமாக மும்தாஜ் துணி விரித்திருந்தார். போலீஸ் வண்டி வந்தால் சுருட்டிக்கொண்டு எழ வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போனேன். "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்கள் ஏழரைக்குப் பிறகு போங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள், உள்ளே குழாய் வேலை செய்யவில்லை. கோணிமேல் செங்கல் இருந்தால் அது ஒருவருடைய கடை, தொடாதீர்கள். தலையணை உறை வேண்டுமென்றால் உள்ளே தேட வேண்டாம். வாசலுக்கு இடப்பக்கம், பத்து மணிக்குள். அதற்குமேல் அந்தத் தரையில் அவரால் உட்கார முடிவதில்லை.