சிவப்பில் விழுந்த பெயர்

போன வாரம் தஞ்சாவூரில் குளிரூட்டிய அரங்கு ஒன்றில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அந்துருண்டை வாசனை அடித்தது. எத்தனை தோள் மாறி வந்ததோ. மேடையில் ஓர் இளம் ஆய்வாளர், நிலப் போராட்டக் காலத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பற்றிப் பேசினார். 'யார் பேரில் நிலம்?' என்பது தலைப்பு. நூற்பட்டியல் ஒன்றில் அதற்குரிய வரி திரையில் ஒளிர்ந்தது. எழுதியவர் இடத்தில் 'அனானிமஸ்'. "பேரே தெரியாத ஒரு எளிய மனிதர்" என்று அவர் குரல் தழுதழுக்க, முன்வரிசை உச்சுக்கொட்டியது. அந்த உச்சுதான் எனக்குச் செரிக்கவில்லை. பெயர் தெரியாதாம்! அந்த அனானிமஸை அடித்த விரல்கள் பொன்னாடைக்கு அடியில்தான் இருந்தன.

அந்துருண்டை என்ன பிரமாதம், உரக்கடை வாசனையை விடவா? எங்கள் கம்பெனி ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. காவிரியில் தண்ணீர் வராத வருஷம். குறுவைச் சாகுபடி கிடையாது. கீழே யூரியா மூட்டைகள் கேட்பாரற்றுக் கல்லாய் இறுகிக் கிடந்தன; மேலே இருபது பட்டதாரிகள் வெள்ளைக்காரப் பேராசிரியர்களின் நூற்பட்டியலைக் கதிரடித்துக்கொண்டிருந்தோம். பெயர் ஒரு கட்டம், ஆண்டு ஒரு கட்டம், தலைப்பு ஒரு கட்டம். பிரித்துப் பிரித்து அடிக்க வேண்டும். அறிவுத் தொழிலாம். களத்தில் பதர் தூற்றுகிறவனுக்கு இதைவிட அறிவு வேண்டும்.

அந்நிய எழுத்துகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். தலையில் இரண்டு புள்ளி இருந்தால் 'நண்டுக்கண்ணு'. காலடியில் கொக்கி தொங்கினால் 'வாலு'. குறுக்கே கோடு போட்டிருந்தால் 'வெட்டுப்பட்டது'. ஒரு ஜெர்மன்காரரின் நண்டுக்கண்ணில் ஒரு கண் குறைந்துவிட்டால் மேனேஜர் இளங்கோவன் குதிப்பார்.

"அவன் பேருய்யா அது! அவன் பாத்தா நம்மளக் காறித் துப்ப மாட்டான்?"

இளங்கோவன் கட்சிக் கரை வேட்டியோடு ஆபீசுக்கு வருகிற ஆள். பயிற்சியின் முதல் நாள் "சர்நேம்னா என்னங்க சார்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "சாதிப் பேருதாம்மா, வேற என்ன?" என்றார், கூச்சமே இல்லாமல். அவர்கள் வீட்டுக் கல்யாணப் போஸ்டரில் ஆளுக்கு ஏழு பட்டம் இருக்கும். சாதி மட்டும் ஒழிந்திருக்கும். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையாள் பேரிலும் பிறக்காத பிள்ளை பேரிலும் வயலை எழுதிவைத்த பரம்பரை. டீ குடிக்கும்போது அதையும் பெருமையாகச் சொல்வார். "எங்க தாத்தா ஒரு கன்னுக்குட்டி பேர்லயே மூணு வேலி நெலம் வச்சிருந்தாரு, தெரியுமாய்யா?"

நாங்களும் சிரித்தோம். ஆமாம், நானுந்தான்.

ஒரு நாள் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரின் புத்தகம் வந்தது. தமிழ்ப் பெயர்களை மேலே கோடு, கீழே கோடு, அடியில் புள்ளி என்று ஆங்கில எழுத்துக்கு நகை பூட்டி எழுதும் பக்திமான். எங்கள் மென்பொருளுக்கு நண்டுக்கண்ணு தெரியும், வாலு தெரியும். இந்த நகைகள் தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் வரி முழுக்கச் சிவப்பில் விழும். அனுப்பியவர்களிடம் கேட்கலாம். இளங்கோவனுக்கோ கேள்வி கேட்பது மானக்கேடு.

"செவப்பு விழுந்தா ஆத்தர் பேரைத் தூக்கிட்டு அனானிமஸ் போடுங்க. எவன் பாக்கப் போறான்?"

பக்கத்து நாற்காலி அமுதாவுடையது. பாபநாசத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். படிக்கட்டில் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் புத்தகத்துப் பட்டியல்ல 'யார் பேரில் நிலம்'னு ஒண்ணு இருக்குல்ல... அது எங்க அப்பாங்க. அவரு சொல்லச் சொல்ல விவசாயச் சங்க ஆபீஸ்ல எழுதி அச்சடிச்சாங்க. எந்த வயல் எந்தப் பொய்ப் பேர்ல இருக்குன்னு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கையெழுத்துகூடப் போடத் தெரியாது. வீட்ல இருந்த காப்பி வெள்ளத்துல போயிருச்சு. பேரு கம்ப்யூட்டர்ல வந்திருக்கு, பிரிண்ட் காட்டுறேன்னு சொல்லிட்டேன்."

எங்கள் வேலைமுறை இது: ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் யாரும் பார்க்காமலே போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் மேனேஜர் திரைக்கு வரும். அந்தப் பக்கத்துக்கு ஒருத்தி அமுதா. இன்னொருவன் நான்.

"புள்ளி, கோடெல்லாம் விட்டுட்டு வெறும் எழுத்தா அடிச்சிருக்கேன். செவப்பு விழல. நீங்களும் அப்படியே அடிச்சிடுங்க. போதும்."

போதும்தான். ஆனால் அன்று காலைதான் இளங்கோவன் என்னை ஷிப்ட் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். உரக்கடை மாடியில் ஷிப்ட் லீடர்! பதினோரு கீபோர்டுக்கு அதிபதி! அந்தப் பதவிக்காக நான் விதிப்படி அனானிமஸ் அடித்தேன்.

அரைமணி நேரத்தில் மேனேஜர் திரையில் அது வந்து நின்றது.

"யாரும்மா இந்தப் பழனியாண்டி?"

"எங்க அப்பாங்க சார்."

"உங்கப்பன் ஆத்தரா?" சிரித்தார். "எங்க கன்னுக்குட்டியும் மிராசுதான்."

ஒரு விசையைத் தட்டினார். என்னுடையது நின்றது, அவளுடையது போனது. இல்லாத கன்றுக்கு மூன்று வேலி எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு, இருக்கிற மனுஷனை அழிக்க ஒரு விசை போதாதா? அவரைக் காறித் துப்பலாம். என்மேல் துப்பிக்கொள்ள எச்சில் மிச்சம் வேண்டுமே என்றுதான் நிறுத்திக்கொள்கிறேன். அமுதா என்னைத் திட்டவில்லை. "நீங்க ரூல்படிதாங்க அடிச்சிருக்கீங்க" என்றாள். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் அவள் அப்பா வந்திருந்தார். மாடிக்கு வராமல் யூரியா மூட்டை ஓரமாகவே நின்றார். அமுதா ஒரு தாளை நீட்டி, நான் அடித்த அனானிமஸில் விரலை வைத்தாள். நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

"இங்கிலீசுல எம்பேரு இவ்ளோ நீளமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாப்பா."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உரக்கடை போய் அங்கே இப்போது உடற்பயிற்சிக் கூடம். நண்டுக்கண்ணு என்றால் யாருக்கும் புரியாது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே வரியை அடிக்கும் வேலையே ஒழிந்துவிட்டது. எந்தப் புள்ளியையும் எந்தக் கோட்டையும் இயந்திரம் சிந்தாமல் விழுங்குகிறது. என் அனானிமஸையும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறது.

அரங்கில் கேள்வி நேரம். மைக் என் கைக்கு வந்தது.

"எழுதியவர் பேர் பழனியாண்டி" என்றேன்.

ஆய்வாளர் பணிவாகக் கேட்டார்: "ஆதாரம் ஏதும் இருக்குங்களா சார்?"

அன்று அந்தப் பெயரை அவள் அடித்தாள், நான் அடிக்கவில்லை. இருபது வருஷம் கழித்து இதோ அடிக்கிறேன். ஒத்துப்பார்க்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.